ஸ்டெப்னியை மறைத்த பெட்டி

போன கோடை விடுமுறையில் நாங்கள் போன பயணத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுப்பதில்லை. மூன்று நாளில் பதினோரு இடம். பட்டியல் போட்டது நான். பிளஸ் ஒன் படிக்கும் மகளும் ஒன்பதாவது படிக்கும் மகனும் பின்சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, காதில் ஒயரைச் செருகிக்கொண்டு வந்தார்கள். ஒன்பதாவது இடத்தில் ஓர் அருவியின் முன்னால் நின்று, "பார்த்தாயிற்றா அப்பா, போகலாமா?" என்று மகன் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. திரும்பி வந்த பிறகுதான் அவன் கேட்டதில் தப்பில்லை என்று பட்டது.

எனக்கு மோட்டார் காயில் கட்டும் தொழில். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் சின்னக் கடை. எரிந்துபோன மோட்டார் வந்தால் பழைய கம்பியைப் பிய்த்து எறிவதற்கு முன் எத்தனை சுற்று, எந்த கேஜ் (கம்பியின் தடிமன்) என்று எண்ணி எழுதிக்கொள்வோம். எங்கே கருகியிருக்கிறது என்று பார்க்காமல் புதுக் கம்பி சுற்றினால் அதுவும் கருகும். அதே முறையில் பழைய பயணத்தைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று நாளில் காருக்குள் உட்கார்ந்திருந்தது இருபத்தொரு மணி நேரம், மண்ணில் கால் வைத்தது ஏழு மணி நேரம். கருகிய இடம் தெரிந்துவிட்டது.

இந்த முறை டிசம்பர், அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே கிளம்புவது என்று முடிவு. கிறிஸ்துமஸ் கூட்டம் மலையேறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். நான்கு பேர் இருக்கிறோம், ஆளுக்கு ஓர் இடம். அதைப் பற்றி மற்ற மூவரும் முணுமுணுக்கக் கூடாது. ஒப்பந்தம் இவ்வளவுதான்.

மகன் உடனே முதலை என்றான். மனைவி இடத்தின் பெயரே சொல்லவில்லை. "ஒரு நாள் மதியம் எதையும் பார்க்காமல், யாருக்கும் சமைக்காமல் ஓர் இடத்தில் சும்மா உட்கார வேண்டும். அது எந்த இடமானாலும் சரி" என்றாள். நான் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் என்றேன். மகள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "நம் வாய்க்காலில் வரும் தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்க்க வேண்டும்" என்றாள்.

அது எனக்குத் தோன்றாமல் போனதில் கொஞ்சம் வெட்கம்தான். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு, மலை ஆறுகளின் தண்ணீரைத் தமிழ்நாடும் கேரளமும் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் என்பது தினப்பேச்சு. மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும்போது இங்கே வயல் வெடித்துக் கிடக்கும். 1970-இல் கையெழுத்தாகி, 1958 முதலே நடைமுறை என்று கணக்கு வைத்த ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் எங்கள் பக்கத்துக்கு வர வேண்டும். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. அந்த எண்ணைச் சொல்லிச் சண்டை போடாத டீக்கடை எங்கள் ஊரில் கிடையாது. தண்ணீரின் தலைவாசலை நேரில் பார்த்தவர்கள் அந்த டீக்கடையில் எத்தனை பேர் என்று கேட்டால்தான் சத்தம் அடங்கும். நானும் பார்த்ததில்லை.

பரம்பிக்குளம் எங்கள் பாலக்காடு மாவட்டத்திலேயே, முதலமடைப் பஞ்சாயத்தில் இருக்கிறது. ஆனால் காரில் போக வேண்டுமென்றால் கோபாலபுரத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் வழியாக மலையேறி, ஆனப்பாடியில் மறுபடி கேரளத்துக்குள் வர வேண்டும். சொந்த மாவட்டத்துக்குப் போக இரண்டு மாநில எல்லை. மகள் வரைபடத்தில் விரலை ஓட்டிப் பார்த்து, "நம் வீட்டு அடுக்களைக்குப் பக்கத்து வீட்டு வாசல் வழியாகப் போவது போல" என்றாள்.

சாலை முடிவானதும் பெட்டி. இந்தப் பதிவை எழுதத் தொடங்கியதே அதற்காகத்தான்.

எங்களுடையது பழைய வேகன் ஆர். டிக்கி சிறியது. போன முறை பைகள் பின்சீட்டில் பிள்ளைகளின் மடிவரை வந்துவிட்டன. கடையில் அலமாரி செய்து மிச்சமிருந்த பன்னிரண்டு மில்லிமீட்டர் பிளைவுட் கிடந்தது. டிக்கியின் அகலம் முழுவதற்கும் ஒரே பெட்டி, மேலே மூடி, உள்ளே மூன்று அறை: சாப்பாடு, துணி, கருவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அடித்தேன். வார்னிஷும் போட்டேன். காயிலுக்குப் போடும் வார்னிஷ்தான். இரண்டு நாள் வீடு முழுக்க மோட்டார் கடை வாசனை. பார்க்க லட்சணமாக இருந்தது. தூக்கி வைக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது.

மகனிடம் வண்டிப் பொறுப்பைக் கொடுத்திருந்தேன். பெயருக்கு இல்லை, நிஜமாகவே. காற்று, ஆயில், கூலன்ட், கண்ணாடி துடைக்கும் தண்ணீர் எல்லாம் அவன் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்; அவன் கையெழுத்து இல்லாமல் வண்டி நகராது. மூன்றாம் நாள் அவன் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு கேட்டான்: "ஸ்டெப்னி எங்கே அப்பா?"

ஸ்டெப்னி டிக்கியின் தரைக்கு அடியில். அதன் மேல் என் பெட்டி. பெட்டிக்குள் மூன்று நாள் சாமான். மழை பெய்யும் மலைச்சாலையில் டயர் பஞ்சரானால் முதலில் புளியோதரைத் தூக்கு, பிறகு துணி, பிறகு பெட்டி, அதற்குப் பிறகுதான் சக்கரம்.

அன்றைக்கு மாலையே வாசலில் ஒத்திகை வைத்தோம். பெட்டியை நிரப்பி, டயர் பஞ்சர் என்று வைத்துக்கொண்டு, மகளும் மகனும் மட்டும் மாற்ற வேண்டும். நான் திண்ணையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பேன். நாற்பத்திரண்டு நிமிடம் ஆயிற்று. அதில் பாதி பெட்டியை இறக்கியதற்குப் போனது. மீதிப் பாதி, ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கிய பிறகு நட்டைக் கழற்றப் பார்த்ததற்கு. சக்கரம் அந்தரத்தில் இருந்தால் ஸ்பேனரோடு சேர்ந்து சுற்றத்தானே செய்யும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை அரைச் சுற்று தளர்த்திவிட்டுப் பிறகு தூக்க வேண்டும், எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும் என்பதை நான் வாயால் சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் நினைவிருந்திருக்காது. ஒரு நட்டு இறுகிப்போய் அசையவே இல்லை. ஸ்பேனர் பிடியில் இரண்டடி ஜி.ஐ. பைப்பைச் செருகி மகள் ஏறி நின்றாள், கழன்றது. அந்தப் பைப் துண்டு அன்றிலிருந்து காரிலேயே இருக்கிறது.

பெட்டியைப் பிரித்து மறுபடி செய்தேன். இந்த முறை ஒன்பது மில்லிமீட்டர் பிளைவுட், மூலைகளில் ஓர் அங்குல ரீப்பர் கொடுத்துப் பெவிகாலும் ஸ்க்ரூவும். ஒரே பெட்டியாக இல்லாமல் இரண்டு பாதி. இரண்டு பக்கமும் துளையிட்டு, காயில் கட்டும் காட்டன் டேப்பை எட்டுப் புரியாக முறுக்கிப் பிடி போட்டேன். ஒரு பாதியை மகன் தனியாகத் தூக்கி வெளியே வைத்துவிட முடியும். மூன்றாவது ஒத்திகையில் பதினேழு நிமிடம்.

ஓட்டிப் பார்த்தபோது இரண்டு பாதியும் ஒன்றோடொன்று இடித்துக் கடகடவென்று சத்தம். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி அடியிலும் நடுவிலும் ஒட்டினேன், அடங்கியது. தோற்ற இடம் மூடியின் கீல். ஒன்பது மில்லிமீட்டர் பிளைவுட்டின் விளிம்பில் ஸ்க்ரூ பிடிக்காது. அடுக்குகளைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும். இது எனக்குத் தெரியும், இருந்தும் சோம்பலில் ஸ்க்ரூ போட்டேன். பயணத்தின் இரண்டாம் நாள் மூடி கையோடு வந்தது. விளிம்பில் இல்லாமல் பலகையின் முகத்தில் துளையிட்டு, வாஷர் வைத்து போல்ட் நட்டு முடுக்கியிருக்க வேண்டும். திரும்பி வந்ததும் அப்படித்தான் செய்தேன்.

வண்டியில் வேறு செய்தவை: முன்சக்கர பிரேக் பேட் புதிது, பின்சக்கர ஷூ சுத்தம், பிரேக் ஆயில் முழுவதும் வடித்துப் புதிது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஆயில் மலை இறக்கச் சூட்டில் கொதித்து ஆவிக் குமிழ் விட்டால் பெடல் பஞ்சு போல் உள்ளே போகும். சமவெளியில் வருடக்கணக்காக ஒன்றும் தெரியாது. ரேடியேட்டர் ஹோஸையும் மாற்றினேன், அது சும்மா என் மனநிம்மதிக்கு.

மகளிடம் நேர நோட்டு. காட்டுப் பயணத்தில் கிலோமீட்டருக்கு மதிப்பில்லை, கேட்டுக்குத்தான் மதிப்பு. எந்தச் சோதனைச் சாவடி எத்தனை மணிக்குத் திறக்கும், கடைசி வண்டி எப்போது, சீட்டு எங்கே என்று ஒவ்வோர் இடத்துக்கும் முதல் நாளே போன் செய்து அவள் எழுதினாள். மலையாளத்தில் அவள் கேட்பதும் தமிழில் அவர்கள் பதில் சொல்வதும் இவள் திரும்பத் தமிழுக்கு வருவதும் கேட்க வேடிக்கையாக இருக்கும். ஒவ்வொரு கேட்டுக்கும் முக்கால் மணி நேரம் முன்னால் இருப்பது என்பது அவள் வைத்த விதி.

பட்டியலில் வெட்டுப்பட்டது மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்கா. அதுதான் வீட்டில் நடந்த பெரிய சண்டை. வரையாட்டைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனையிறங்கல், மாட்டுப்பெட்டி என்று வழியில் தொற்றிக்கொள்ளும் மற்றவற்றோடு சேர்த்தால் அது தனியாக ஒரு நாளைத் தின்றுவிடும். மகளுக்கு அதுவும் வேண்டும் என்றிருந்தது. "ஆளுக்கு ஓர் இடம் என்று சொன்னது நீங்கள்தானே" என்று மகன் சட்டம் பேசினான். குட்டி ஈனும் காலம் என்று பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள், ஆகவே அடுத்த வாய்ப்பு மே மாதம்தான். நீலக்குறிஞ்சியும் 2018-இல் பூத்தது, இனி 2030. அப்போது தான் கல்லூரியில் இருப்பேன், நண்பர்களோடு போய்க்கொள்கிறேன் என்று மகன் சொன்னதும் அவன் அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

முதல் நாள் விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். பொள்ளாச்சியில் ஒரு டீ குடிக்கலாம் என்று நான்தான் நிறுத்தினேன். டீக்குப் பின் வடை, வடைக்குப் பின் தெரிந்தவர் ஒருவர். மகள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் கடிகாரத்தைப் பார்த்தாள். சேத்துமடையில் எங்களுக்கு முன்னால் முப்பது வண்டிக்கு மேல் நின்றன. பிளாஸ்டிக் பை, பாட்டில், மது இருக்கிறதா என்று ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துத்தான் விட்டார்கள். எங்கள் சாப்பாடு வாழை இலையிலும் தூக்கிலும் இருந்ததால் எங்கள் முறை சீக்கிரம் முடிந்தது, ஆனால் முறை வருவதற்கே ஒரு மணி நேரம். ஆனப்பாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை வண்டி கிளம்பிப் போயிருந்தது. அடுத்ததற்கு இரண்டே கால் மணி நேரம். மகள் நோட்டில் எழுதியதைப் பிறகு பார்த்தேன்: "தாமதம், காரணம்: வடை."

சொந்த வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு வனத்துறை வண்டியில் ஏற வேண்டும். காத்திருந்த நேரத்தை நான் வீண் என்று நினைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கையில், மகன் போனில் மெர்லின் செயலியைத் திறந்து வைத்திருந்தான். பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி. தேவையான தொகுப்பை வீட்டிலேயே இறக்கிவைத்துவிட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். போனைப் பிடுங்கி வைப்பது என்ற போன பயணத்து விதியைக் கைவிட்டு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் இது. குக்குறுவானின் குரலை அது மூன்று முறை சரியாகச் சொன்னது. நான்காவது முறை எதையோ வேறு பறவை என்றது. பக்கத்தில் நின்ற வழிகாட்டி சிரித்துவிட்டு, அது மலை அணில் என்று மரத்தைக் காட்டினார். பிறகு இரண்டு பேரும் அணிலைப் பார்த்தார்களே தவிரப் போனைப் பார்க்கவில்லை. இப்படியே எல்லா நேரமும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். மாலையில் சிக்னல் வந்த இடத்தில் இரண்டு தலையும் குனிந்தன.

வண்டி தேக்குக் காட்டுக்குள் போகையில் புள்ளிமான்களும் ஒரு காட்டெருமைக் கூட்டமும். கன்னிமாராத் தேக்கைப் பார்த்தோம். சுற்றளவு ஏறத்தாழ ஏழு மீட்டர். 1994-95-இல் மகா விருட்ச புரஸ்கார் வாங்கிய மரம். வெட்ட முயன்றபோது இரத்தம் பீறிட்டதாகவும், அதனால் கன்னித்தெய்வமாக விட்டுவிட்டதாகவும் கதை. மகன் மரத்தைச் சுற்றி அடி எண்ணி நடந்தான்.

துணக்கடவு அணைக்கருகே வண்டி நின்றபோது மகள் இறங்கினாள். பரம்பிக்குளம், துணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்று அணைகளும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை. தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகச் சர்க்கார்பதி மின்நிலையத்துக்கு இறங்குகிறது. அங்கிருந்து ஒரு கிளை திருமூர்த்தி அணைக்கும் இன்னொன்று ஆழியாற்றுக்கும். ஆழியாறு, மணக்கடவு, மூலத்தரை, பிறகு எங்கள் வாய்க்கால். அணைகள் இருப்பது கேரளத்தில், பராமரிப்பது தமிழ்நாடு. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் ஒன்று உடைந்து போனபோது எங்கள் ஊர் டீக்கடைகள் இரண்டு நாள் மூடவே இல்லை. "இதில் எங்களுக்கு எவ்வளவு?" என்று அவள் வழிகாட்டியிடம் கேட்டாள். "அதை ரெண்டு சர்க்காரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் மோளே" என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை. தண்ணீர் அசையாமல் பச்சையாகக் கிடந்தது. இது நகர்ந்து எங்கள் வயலுக்கு வரும் என்று நம்புவதற்கு எனக்கே ஒரு நிமிடம் பிடித்தது. முறைத் தண்ணீருக்காக நடுராத்திரியில் மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் நின்ற என் அப்பாவுக்கு இந்த இடத்தைக் காட்டியிருக்கலாம்.

இரவு ஆனைமலையில் சித்தி வீடு. அங்கே தங்கியது காசு மிச்சத்துக்காகத்தான், மறைக்க ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள் உடுமலை வழியாக அமராவதி. அணைக்கருகே உள்ள முதலைப் பண்ணையில் மகன் முக்கால் மணி நேரம் நின்றான். முதலைகள் அசையவில்லை, அவனும் அசையவில்லை. யாரும் முணுமுணுக்கக் கூடாது என்ற ஒப்பந்தம் அங்கேதான் சோதனைக்குள்ளானது.

அடுத்தது சின்னாறு. மேற்குத் தொடர்ச்சி மலை என்றதும் ஈரமும் அட்டையும் நினைவுக்கு வரும்; சின்னாறு மழைமறைவில் இருக்கும் முள்காடு. கள்ளியும் பாறையுமாக இருக்கும் சரிவுக்கு நடுவில் பாம்பாறு ஓடுகிற கரையில் மட்டும் நீர்மருது ஓங்கி நிற்கிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்று இது. சின்னாற்றோடு சேர்ந்து முதலைகள் கிடக்கும் அதே அமராவதிக்குப் போகிறது. மகள் இதையும் நோட்டில் கோடு போட்டு இணைத்தாள். சோதனைச் சாவடியில் சீட்டு வாங்கினால் மலைவாழ் மக்களில் ஒருவர் வழிகாட்டியாக வருவார். எங்களோடு வந்த முதுவர் அண்ணன் பேசிய தமிழ் எங்களுடையதைவிடச் சுத்தம். ஆற்றங்கரை மரத்தில் சாம்பல் அணிலின் கூட்டைக் காட்டினார். இந்த அணில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சில இடங்களில் மட்டும் எஞ்சியிருப்பது. கூட்டைப் பார்த்தோம், அணிலைப் பார்க்கவில்லை. அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்தோம். வரவில்லை.

நடந்து முடித்து மறையூருக்கு ஏறும்போது மகளுக்குக் குமட்டல். மலைவளைவு தொடங்கியதும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்ததுதான் காரணம். அவளை முன்சீட்டுக்கு மாற்றி, வாயில் உப்பு நார்த்தங்காய்த் துண்டு, கண் தூரத்துச் சாலையில். இதற்கு மேல் வைத்தியம் தேவைப்படவில்லை. வாந்திக்கு என்று நான் எடுத்து வைத்த மாத்திரை, கழன்றுவிட்ட பெட்டி மூடிக்கு அடியில் எங்கோ இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் மனைவியுடையது. மறையூரில் தங்கிய விடுதியின் திண்ணையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே கரும்புத் தோட்டம், அதற்கப்பால் கம்பி வேலி போட்ட சந்தனக்காடு. ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் பொறுமை இழந்து தாங்களாகவே நடந்துபோய்ப் பக்கத்து வெல்ல ஆலையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கொப்பரையில் கொதிக்கும் பாகு, மரத்தொட்டியில் ஆறியதும் கையால் உருட்டும் உருண்டை. மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சுடச்சுட ஆளுக்கொரு உருண்டை கையில் வைத்துக்கொண்டு, எங்களுக்கும் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வந்தார்கள். நான் போட்ட எந்தப் பட்டியலிலும் அது இல்லை.

இறக்கத்தில் ஒன்று நடந்தது. மறையூரிலிருந்து சின்னாறு நோக்கி இறங்கும்போது பேச்சுச் சுவாரசியத்தில் மூன்றாம் கியரிலேயே விட்டு, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். "அப்பா, கருகுகிற வாசனை" என்றான் மகன். காயில் கருகும் வாசனையை ஒரு தெரு தள்ளியே கண்டுபிடிப்பவன் நான், என் வண்டியில் அது என் மூக்குக்கு எட்டவில்லை. ஓரமாக நிறுத்தினோம். மகன் தண்ணீர்க் கேனைத் தூக்கினான், வேண்டாம் என்றேன். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிப்போகும். இருபது நிமிடம் தானாக ஆறவிட்டு, இரண்டாம் கியரில் இன்ஜின் இழுவையிலேயே இறங்கினோம். நோட்டில் அவன் எழுதியது: "ஓட்டுநருக்கு எச்சரிக்கை, முதல் முறை." கீழே கையெழுத்து.

கணக்குக்காக: மூன்று நாளில் காருக்குள் பதினான்கு மணி நேரம், வெளியே இருபத்து மூன்று. சக்கரம் பஞ்சராகவில்லை, பதினேழு நிமிடத்தை நிரூபிக்க வாய்ப்புக் கிடைக்காததில் இருவருக்கும் வருத்தம்.

பெட்டியின் ஒரு பாதி இப்போது கடையில் இருக்கிறது. செம்புக் கம்பிச் சுருள்களை அடுக்கி வைக்க அளவு சரியாக இருந்தது. மே மாதத்துக்கு அது வேண்டும், வார்னிஷ் கறை படியவிடாதீர்கள் என்று மகள் மூடியின் மேல் சாக்பீஸால் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பக்கத்தில் கொம்பு வளைந்த ஓர் ஆட்டின் படம்.